கடன் நோட்டும் தேரடியும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் புத்தகம் வந்த வழி குறித்துச் சில குறிப்புகள்

1

1881 ஜூலை 29ஆம் தேதி பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். அதன் முதல் பிரிவு மிகச் சிறியது. அச்சுத் தொழிலுக்கும் புத்தக வியாபாரத்துக்கும் இனித் தடையில்லை என்பதுதான் அதன் சாரம். சட்டத்தின் கடைசிப் பகுதியில் இன்னொரு பிரிவு இருக்கிறது: குடியேற்ற நாடுகளுக்கும் இது செல்லும். ஆக, காகித அளவில் 1881 முதலே வில்லியனூரிலும் பாகூரிலும் யார் வேண்டுமானாலும் புத்தகக் கடை திறந்திருக்கலாம். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1880 மார்ச் 12 ஆணைப்படி, இவ்விரண்டு ஊர்களும் கொம்யூன்களாக ஆக்கப்பட்டிருந்தன. மேர் வந்தார், தேர்தல் வந்தது, ஓட்டுப் பட்டியல் வந்தது. சட்டம் புத்தகக் கடையின் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டது.

அந்தக் கதவு வழியாக யார் நுழைந்தார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

எங்களுக்குத் தெரிந்த வில்லியனூரில் 'புக்குக் கடை' என்றால் நோட்டு, கைடு, கோனார் உரை, ஜாமெட்ரி பாக்ஸ் விற்கிற இடம். கதைப் புத்தகமோ கவிதையோ கட்டுரையோ வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் புதுச்சேரி டவுனுக்குப் போக வேண்டும். பாகூர்க்காரர்களுக்கு டவுனைவிடக் கடலூர் பக்கம். இதைச் சொன்னவுடன் நகரத்து இலக்கியவாதிகள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "கிராமத்துல யாருங்க படிக்கிறாங்க?" இந்தக் கேள்வி அறியாமையிலிருந்து வருவதல்ல, ஒரு கருத்தியலிலிருந்து வருவது. படிப்பை நகரத்தின் இயல்பாகவும் படிக்காமையைக் கிராமத்தின் இயல்பாகவும் ஆக்கிவிட்டால், இடையில் இருக்கிற வரலாற்றைப் பேசாமலே தப்பித்துக்கொள்ளலாம். கேள்வியைத் திருப்பிப் போடவேண்டியிருக்கிறது. இந்த ஊர்களில் யாருடைய உழைப்பில் புத்தகம் வாழ்ந்தது? யாருடைய வாசலுக்கு முன்னால் அது நின்றுவிட்டது?

2

பாகூருக்குக் கல்வி புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், அங்கே இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாகத் தரப்பட்டதைச் சொல்கின்றன. நிலைதாங்கி என்கிற தலைவன் கேட்டுக்கொள்ள, அரசன் கொடுக்கிறான். சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அவ்வூர்களின் பெயர்கள். வேதங்கள், வேதாங்கங்கள் முதலான பதினான்கு வித்தைகள் அங்கே பயிலப்பட்டதாகத் தெரிகிறது.

புதுச்சேரியின் 'தொன்மைப் பெருமை' பேசுகிற மேடைகளில் இந்தச் செப்பேடு தவறாமல் இடம்பெறும். அக்காலத்துப் பல்கலைக்கழகம் என்று கைதட்டல் வாங்குவார்கள். நாம் அந்தப் பிரதியைக் கொஞ்சம் வேறு மாதிரி வாசித்துப் பார்க்கலாம். அது இரண்டு மொழிகளில் இருக்கிறது. அரச பரம்பரையைப் புகழ்கிற செய்யுள்கள் சமஸ்கிருதத்தில். எந்த ஊர், எது எல்லை, என்ன வரி விலக்கு என்கிற கணக்கு வழக்கு தமிழில். புகழுக்கு ஒரு மொழி, நெல்லுக்கு ஒரு மொழி. அந்த மூன்று ஊர்களின் வயலில் இறங்கி உழுதவர்கள் செப்பேட்டில் விளைச்சலாக மட்டுமே இருக்கிறார்கள். வித்யாஸ்தானத்தில் என்ன பயிலப்பட்டதோ அதைக் காதால் கேட்கவும் சூத்திரனுக்கும் பஞ்சமனுக்கும் உரிமையில்லை என்று சொன்ன தர்மசாஸ்திரங்களும் அந்தப் பதினான்கு வித்தைகளுக்குள் அடக்கம்.

பாகூர் கல்வி இல்லாத ஊராக இருந்ததில்லை. கல்விக்குச் சோறு போட்டுவிட்டு வாசலுக்கு வெளியே நின்ற ஊர் அது.

இந்தப் பின்னணியில் புத்தகம் விற்பனைச் சரக்காக மாறியதை நாம் வெறும் வணிகமயமாதல் என்று ஒதுக்கிவிட முடியாது. சுவடி விற்பனைக்கு வராது, அது குருவின் கையிலிருந்து சீடனின் கைக்குப் போகும்; சீடன் யார் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கும். அச்சிட்ட புத்தகம் காசு கொடுப்பவன் கைக்குப் போகும். சந்தைக்கு ஆயிரம் கொடுமைகள் உண்டு. ஆனால் அது சாதி கேட்பதற்கு முன் காசு கேட்கிறது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். விலையையே பெயராக வைத்தது விளம்பர உத்தியல்ல. வாசகன் யார் என்கிற பிரகடனம் அது.

ஆனால் காசு இருந்தாலும் தாண்ட முடியாத வாசற்படிகள் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

3

1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலனை முதலில் அனுபவித்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். 1908இல் பாரதி புதுச்சேரி வந்தார். 'இந்தியா' பத்திரிகையும் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் அச்சடிக்க முடியாததை இங்கே அச்சடிக்க முடிந்தது. அதை அந்தப் பக்கம் கொண்டுபோவதுதான் பிரச்சினை. பிரிட்டிஷ் அரசு தன் எல்லைக்குள் அதைத் தடை செய்தது. 1910இல் பத்திரிகை நின்றது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியப் பத்திரிகைச் சட்டம் ஜாமீன் தொகை கட்டச்சொல்லி அச்சகங்களின் கழுத்தைப் பிடித்தது. எல்லையின் இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். வ.வே.சு. ஐயர் 'மங்கையர்க்கரசியின் காதல்' கதைகளை வெளியிட்ட கம்ப நிலையமும் புதுச்சேரியில் இருந்ததுதான்.

நாம் வழக்கமாக இந்தக் கதையை நகரத்துத் தெருக்களோடு முடித்துக்கொள்கிறோம். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு, கடற்கரை, கலவை கல்லூரி. ஆனால் பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே துண்டு நிலமல்ல. பாகூர் கொம்யூன் தனித் துண்டு. நடுவில் பிரிட்டிஷ் கிராமங்கள். வில்லியனூரிலிருந்து மேற்கே ரயிலில் போனால் கொஞ்ச நேரத்தில் வேறு அரசாங்கம். 1879இல் போடப்பட்ட அந்த விழுப்புரம் ரயில் பாதை வில்லியனூர் வழியாகத்தான் போகிறது. நகரத்தில் அச்சான தாள் வெளியே போவதற்கும் வெளியே அச்சானது உள்ளே வருவதற்கும் இக்கிராமங்களே நிலவியல் ரீதியாக வாசல்கள். 1918 நவம்பரில் பாரதி புதுவையை விட்டுப் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறைக்குப் போனார். எல்லை என்பது வரைபடத்துக் கோடல்ல, ஆளைப் பிடிக்கிற கோடு.

எதிர்த்திசையிலும் நடந்தது. பாரதிதாசன் பிரெஞ்சிந்திய அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். அவருடைய கவிதைகளின் முதல் தொகுதி 1938இல் வெளிவந்தபோது, அதை வெளியிட்டவர்கள் குத்தூசி குருசாமியும் குஞ்சிதம் அம்மையாரும். பொருளுதவி செய்தவர் கடலூர் தி. நாராயணசாமி. புதுவையின் ஆகப் பெரிய கவிஞனுக்குப் புத்தகம் போட்டது சுயமரியாதை இயக்கம் என்கிற சமூகம். அந்தக் கவிஞர் 'புத்தகசாலை' என்று ஒரு கவிதை எழுதினார். அதில் அவர் கேட்பது அரண்மனை மாதிரியான நூலகத்தை இல்லை. சில தெருக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் வசதியான ஒரு வீடு, அதில் ஒழுங்காக அடுக்கிய நூல்கள், கேட்டதை எடுத்துத்தர ஆள். கவர்னர் தெபசென் 1827இல் நகரத்தில் நிறுவிய நூலகம் ஒரு நூற்றாண்டைத் தாண்டியிருந்த காலத்தில், அவர் இன்னொன்றைக் கேட்கிறார். தெருவில் இருக்க வேண்டும் என்கிறார். நடந்துபோகிற தூரம் என்பது அவருக்குக் கொள்கைப் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

வாணிதாசன் 1915இல் வில்லியனூரில் பிறந்தவர். வாழ்ந்தது பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சேலியமேட்டில். பாரதிதாசனிடம் படித்தவர், தானும் ஆசிரியரானவர். பிரெஞ்சு தெரிந்தவர், தமிழ் - பிரெஞ்சு அகராதி தொகுத்தவர். அவரை 'இயற்கைக் கவிஞர்', 'தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த்' என்று சொல்லி ஏரிக்கரையில் உட்கார வைத்துவிட்டோம். நம் கேள்விக்கு அவர் வேறு விதத்தில் முக்கியமானவர். புத்தகக் கடை இல்லாத கிராமத்தில் ஆசிரியரின் வீடுதான் கடை, நூலகம், சங்கம் எல்லாம். ஒரு வாத்தியாருடைய அலமாரியிலிருந்து எடுத்துப் படித்து வளர்ந்தேன் என்று சொல்லாத கிராமத்து எழுத்தாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இந்த ஏற்பாட்டின் வலிமையும் அதுதான், பலவீனமும் அதுதான். வாத்தியார் மாற்றலாகிப் போனால் கடை மூடிவிடும். வாத்தியார் வீட்டுத் திண்ணைக்கு யார் ஏறலாம் என்பதை ஊர் தீர்மானிக்கும்.

4

ஹேபர்மாஸ் 1962இல் எழுதிய நூலில், ஐரோப்பாவின் காபிக் கடைகளில் 'பொதுக்களம்' உருவான கதையைச் சொல்கிறார். பட்டமும் பதவியும் வாசலில் விடப்பட்டு, வாதத்தின் வலிமை மட்டுமே எடுபடும் இடம். நம்மூர் டீக்கடையை இதோடு ஒப்பிட்டுச் சிலாகிப்பவர்கள் உண்டு. தினத்தந்தியைச் சத்தம் போட்டு ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்டது உண்மைதான். எழுத்தறியாதவர்களும் அரசியல் கற்றது அங்கேதான். அதே டீக்கடையில் இரட்டைத் தம்ளரும் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர் ஒருவர், தரையில் குத்துக்காலிட்டுக் கேட்டவர் இன்னொருவர், கேட்கவே வராதவர்கள் பெண்கள். நம்முடைய பொதுக்களம் பிறக்கும்போதே பிளவுண்டு பிறந்தது. இதைப் பேசாமல் ஹேபர்மாசை இங்கே இறக்குமதி செய்வது வீண்வேலை.

இந்தப் பிளவை எதிர்த்துப் புத்தகத்தை மக்களிடம் எடுத்துப் போனவை இயக்கங்கள். பெரியார் தன் கூட்டங்களில் மலிவு விலை வெளியீடுகளைக் கொண்டுவந்து விற்றார். பேச்சு முடிந்ததும் மேடையே கடையாகும். புதுச்சேரியில் வ. சுப்பையா 1934இல் 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கினார். இரண்டு வருடத்தில், 1936 ஜூலை 30 அன்று, சவானா மில் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சுப் போலீசின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். மில்லுக்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்களும் உண்டு. ஷிப்டு முடிந்து திரும்புகிறவனின் மடியில் ஒரு பத்திரிகை இருந்தால், அந்தக் கிராமத்தில் அன்றிரவு ஒரு வாசகசாலை நடக்கும். புத்தகக் கடை இல்லாத ஊரில் தொழிலாளியின் மடியே கடை.

தமிழ்நாட்டுப் பக்கத்திலும் இப்படியான முயற்சிகள் உண்டு. 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் ஒரு நூலகத்தை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலக இயக்கத்தோடு சேர்ந்தது அது. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சொத்து வரியோடு நூலக வரி. கடலூர் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. கூப்பிடு தூரத்திலிருந்த பாகூர் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி, வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில்தான் பிரதிநிதிகள் கூடி இந்தியாவோடு இணைவதா வேண்டாமா என்று ஓட்டுப்போட்டார்கள். 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. ஒரு கிராமம் வரலாற்றை எழுதிய நாள். கீழூரில் இன்று நினைவுச் சின்னம் இருக்கிறது, ஆண்டுதோறும் கொடியேற்றுகிறார்கள். அந்த ஓட்டெடுப்பைப் பற்றிப் படிக்க ஒரு புத்தகம் வேண்டுமென்றால் கீழூர்ப் பையன் டவுனுக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

பிறகு நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வேன்கள் வந்தன. மாஸ்கோவில் அச்சான கெட்டி அட்டைப் புத்தகங்கள், பிஸ்கட் பாக்கெட் விலையில். சோவியத் சிதறிய 1991க்குப் பிறகு அந்த விலையும் இல்லை, அந்தப் புத்தகங்களும் இல்லை. தொண்ணூறுகளில் 'நிறப்பிரிகை' முதலான சிற்றிதழ்கள் கிராமங்களுக்கு வந்தது கடை வழியாக அல்ல, தோள்பை வழியாக. யாரோ ஒரு தோழர் பத்துப் பிரதி கொண்டுவருவார்; ஒவ்வொரு பிரதியும் பத்துக் கை மாறும்; கடைசியில் அட்டை இல்லாமல் திரும்பும், சில சமயம் திரும்பாது.

5

இவ்விடத்தில் 'சுயேச்சையான புத்தகக் கடை' என்கிற தொடரைக் கேள்விக்குட்படுத்த வேண்டும். எதிலிருந்து சுயேச்சை? அரசிடமிருந்தா, கட்சியிடமிருந்தா, பெரு முதலாளியிடமிருந்தா? உலகில் பெயர்பெற்ற இத்தகைய கடைகளைப் பார்த்தால் அவை எல்லாமே யாரையோ நம்பித்தான் வாழ்ந்திருக்கின்றன.

பாரிசில் பிரான்சுவா மாஸ்பெரோ 1957 முதல் நடத்திய 'படிப்பின் மகிழ்ச்சி' என்ற கடையை எடுத்துக்கொள்வோம். அல்ஜீரிய விடுதலைப் போரின்போது பிரெஞ்சு அரசு மறைத்ததையெல்லாம் அந்தக் கடையில் வாங்க முடிந்தது. 1961இல் ஃபனானின் 'பூமியின் சபிக்கப்பட்டோர்' நூலை மாஸ்பெரோ வெளியிட்டார். போலீஸ் பறிமுதல் செய்தது. கவனியுங்கள்: 1881ஆம் ஆண்டின் அதே சட்டம் அப்போதும் அமலில் இருந்தது. அப்போது பாகூரும் வில்லியனூரும் சட்டப்படி இன்னும் பிரெஞ்சு மண்தான். சட்டபூர்வ இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் வந்தது. குடியேற்ற நாட்டு மக்களின் வலியைப் பேசிய புத்தகம் தலைநகரத்திலேயே பிடிபட்டது. கடைக்கு வலதுசாரிகள் குண்டு வைத்தார்கள். கடைசியில், எழுபதுகளின் நடுவில் கடை மூடப்பட்டதற்கு அரசின் அபராதங்கள் ஒரு காரணம். இன்னொரு காரணம், புரட்சிகர இளைஞர்கள் புத்தகங்களைத் திருடியது. தனியுடைமையை எதிர்க்கிறோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கடை அவர்களுடையது என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் பூபாலசிங்கம் புத்தகசாலை ஒரு பொதுவுடைமையாளர் வளர்த்தெடுத்தது. எழுத்தாளர்களும் இடதுசாரிகளும் கூடிய இடம். 1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் அந்தக் கடையும் எரிந்தது. நூலகம் எரிந்ததை நாம் எல்லோரும் பேசுகிறோம், பேச வேண்டும். கடையும் எரிந்ததை ஏன் அதே மூச்சில் சொல்வதில்லை? நூலகம் ஒரு இனத்தின் நினைவு என்றால், கடை அதன் அன்றாடம். எரித்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது தெரிந்திருந்தது. அந்தக் கடை மீண்டும் எழுந்ததென்றால் வாசகர்கள் திரும்பி வந்ததால்தான்.

மூன்றாவதாக, கூரையே இல்லாத கடை. ஆண்டுதோறும் டிசம்பர் 6 அன்று மும்பை தாதரிலும், தம்ம தீட்சை நாளில் நாகபுரியிலும் லட்சக்கணக்கான தலித் மக்கள் கூடுகிறார்கள். அங்கே நடைபாதைகளில் அம்பேத்கர், பூலே நூல்களும் சின்னச் சின்ன வெளியீடுகளும் குவிந்து கிடக்கும். கூலி வேலை செய்து சேர்த்த காசில், வீட்டுக்கு ஊறுகாய் வாங்குகிற மாதிரி, புத்தகம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். 'கிராமத்துல யாரு படிக்கிறாங்க' என்று கேட்பவர்கள் ஒரு தடவை அந்த நடைபாதையில் நின்று பார்க்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கவிஞர் தமிழ்ஒளி 1965இல் புதுச்சேரியில் வறுமையில் இறந்தார். 1947லேயே 'வீராயி' என்று ஒடுக்கப்பட்ட பெண்ணை நாயகியாக்கிக் காவியம் எழுதியவர். திராவிட மேடையும் பொதுவுடைமைக் கட்சியும் அவரை வைத்துக்கொள்ளவில்லை. அவர் எழுத்து இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் செ.து. சஞ்சீவி என்கிற நண்பர், பல்லாண்டுகள் விடாமல் தேடித் தொகுத்துப் பதிப்பித்தது. எந்தப் பல்கலைக்கழகமும் அதை முதலில் செய்யவில்லை. இலக்கிய சமூகம் என்று நாம் பெரிதாகச் சொல்வது சில சமயம் ஒரே ஒரு ஆளின் பிடிவாதமாக இருந்திருக்கிறது.

இந்த நான்கிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது இதுதான். சுயேச்சையான கடை என்பது யாரையும் சாராத கடை அல்ல. தன் வாசகர்களை மட்டும் சார்ந்திருக்கத் துணிந்த கடை. ஆகவே, அந்தக் கடையின் எல்லை அதன் வாசகர்கள் யார் என்பதுதான். யாரை அது உள்ளே விடவில்லையோ அவர்களால் அதைக் காப்பாற்ற முடியாது.

6

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், தோற்றுப்போன தகுதிதான்.

எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தபோது, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வில்லியனூர்த் தேரடிப் பக்கம் ஒரு தையல் கடையில் பாதி இடத்தை வாடகைக்குப் பிடித்தோம். ஒரு இரும்பு அலமாரி, நூற்றுச் சொச்சம் புத்தகம், ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி. திருக்காமீஸ்வரர் தேரை பிரெஞ்சுக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்து இழுப்பார். இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். அப்பேர்ப்பட்ட தெரு. ஆள் நடமாட்டம் இருக்கும், பஸ் ஸ்டாண்டு பக்கம், வாடகை கம்மி என்று கணக்குப் போட்டோம். காசில்லாதவர்களுக்குக் கடன். அதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு. பேர், புத்தகம், தேதி. கையெழுத்துக்கூட வாங்கவில்லை.

சாயங்காலம் ஆனால் ஆட்கள் வருவார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர், கோ-ஆப்டெக்ஸ் கடைக்காரர், கவிதை எழுதுகிற கல்லூரிப் பையன்கள். வாணிதாசனில் ஆரம்பித்து போர்ஹேசில் போய் முடியும் பேச்சு. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பொதுக்களத்தை உண்டாக்கிவிட்டோம் என்று நினைத்தோம்.

ஒரு பையன் தினமும் வருவான். காலனியிலிருந்து வருகிறவன், ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்திக்கொண்டு, அதன் மேல் உட்கார்ந்தபடியே கேட்பான்: "அண்ணே, அம்பேத்கர் புக்கு வந்துடுச்சா?" நாங்கள் எடுத்துக்கொண்டு போய் ரோட்டைத் தாண்டிக் கொடுப்போம். "உள்ள வாயேன்டா" என்றால் "இல்லண்ணே, டைம் ஆவுது" என்பான். ஆனால் அரைமணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருப்பான். கூச்சசுபாவம் என்று நினைத்துக்கொண்டோம். ஆறேழு மாதம் இப்படியே போனது.

ஒரு நர்சிங் மாணவியும் எங்கள் வாசகிதான். அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. தம்பி ஒரு துண்டுச் சீட்டோடு வருவான். "அக்கா இந்த புக்கு கேட்டாங்க." பழைய புத்தகத்தைத் திருப்பித் தருவான், புதியதை வாங்கிப்போவான். எழுத்து அழகாக இருக்கும். நோட்டில் அவர் கணக்கை 'தம்பி அக்கா' என்றுதான் எழுதியிருக்கிறோம்.

ஒன்றரை வருடத்தில் கடை படுத்துவிட்டது. புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்த அன்றைக்கு அந்த ஐ.டி.ஐ. பையன் வந்தான். கொஞ்சம் வருத்தத்தோடும் கொஞ்சம் உரிமையோடும் கேட்டேன்: "ஒரு நாளாவது உள்ள வந்து ஒக்காந்திருக்கலாமேடா, எங்களையும் நீ அப்பிடி நெனச்சிட்டியா?" அவன் சிரித்தான். "ஒங்கள இல்லண்ணே. அது தேரடி. எங்க ஆயா அந்தப் பக்கம் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போனவங்க. இன்னைக்கி எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான், தெரியும். ஆனா கால் நிக்க மாட்டேங்குதுண்ணே."

கால் நிற்கவில்லை. நான் படித்த ஃபூக்கோவும் கிராம்சியும் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் வாயடைத்துப்போனார்கள். நாங்கள் விலையைப் பார்த்தோம், வாடகையைப் பார்த்தோம், எந்தெந்தப் புத்தகம் என்று ராத்திரி முழுக்க விவாதித்தோம். தெருவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாத பிறப்பு எங்களுக்கு. பாகூர் வித்யாஸ்தானத்தைத் திட்டுவது எங்களுக்குச் சுலபம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு அப்பால் இருக்கிறது அது. எங்கள் கடையும் அதே வாசற்படியைத்தான் போட்டு வைத்திருந்தது.

7

அந்தக் கடன் நோட்டு என்னிடம் இருக்கிறது. அதை ஒரு வரலாற்று ஆவணமாகவே வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. உட்கார்ந்து பேசியவர்களின் கணக்கு பெரும்பாலும் தீராமல் கிடக்கிறது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றவனின் கணக்கும், துண்டுச் சீட்டு அனுப்பியவரின் கணக்கும் ஒவ்வொரு வரியும் அடிக்கப்பட்டு நேராகிவிட்டன. மாஸ்பெரோவின் கடையில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான். கடையைத் தங்களுடையது என்று வாய்நிறையச் சொன்னவர்கள் அதைக் காப்பாற்றவில்லை. அதன் படியேற முடியாதவர்கள் கடைசிவரை காசு கொடுத்தார்கள்.

இணையத்தில் எந்தப் புத்தகமும் வீட்டுக்கே வந்துவிடும்போது கிராமத்துக்குக் கடை எதற்கு என்று சிலர் கேட்கலாம். வருகிறது, மறுக்கவில்லை, அந்த நர்சிங் மாணவிக்கு அது ஒரு விடுதலைகூட. தேரடியில் கால் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் வாசற்படியைத் தாண்டாமலே புத்தகம் வந்துவிட்டால், வாசற்படி அப்படியே இருந்துவிடும். தனித்தனி வீடுகளில் தனித்தனியாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிவதில்லை. அப்புறம் அந்த ஊரில் இலக்கியம் பேசுகிறவர்கள் என்று மறுபடியும் திண்ணைக்காரர்களே மிஞ்சுவார்கள். ஆண்டுக்கொரு முறை நகரத்தில் நடக்கிற புத்தகக் கண்காட்சியும் இதை மாற்றாது.

ஆகவே விவாதத்துக்காகச் சிலவற்றை முன்வைக்கிறேன். இனி இக்கொம்யூன்களில் யாராவது புத்தகக் கடை வைப்பதானால் அதைத் தேரடியில் வைக்க வேண்டாம். காலனிக்கும் ஊருக்கும் பொதுவான வழியில், முடிந்தால் காலனியின் முகப்பில், காலனிக்காரர்கள் சாவி வைத்திருக்கிற கடையாக வைக்கட்டும். ஊர்க்காரர்கள் நடந்து வரட்டும். அவர்கள் கால் நிற்கிறதா என்று பார்ப்போம். பெண்கள் வருவதற்கான நேரத்தைப் பெண்களே சொல்லட்டும். அந்த நேரத்தில் கவிஞர்கள் வீட்டில் இருக்கலாம். கடன் நோட்டு கட்டாயம் இருக்கட்டும், ஆனால் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குக் கடன் கிடையாது. பாரதிதாசன் கேட்ட வீடு எந்தத் தெருவில் என்பதை அவர் கவிதை நமக்கு விட்டுவைத்திருக்கிறது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அந்தப் பையன் இப்போது கடலூர் சிப்காட்டில் வேலை செய்கிறான். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது கேட்டான்: "அண்ணே, அந்த அலமாரி இன்னும் இருக்கா?" இருக்கிறது. அவன் வீட்டுத் திண்ணை அகலத்தை அளந்துகொண்டு வந்திருக்கிறேன். கதவைக் கழற்றிவிட்டால் கொள்ளும்.